சீறுற பாம்பு எச்சரிக்குது... சீறாத பாம்புதான் ஆபத்து! பாம்புக்கு காது கேட்குமா? 'புஸ் புஸ்' சத்தம் ஏன்?

மழை விட்டு அரை மணி நேரம் இருக்கும். தெருவில் கரண்ட் இல்லை. கொல்லைப்புறத்தில் அடுக்கி வைத்த செங்கல் பக்கம் செருப்பைத் தேடிப் போகிறீர்கள். 'உஸ்ஸ்ஸ்...' என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டு குக்கர்தான் என்று நினைத்து இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கிறீர்கள். மறுபடியும் 'உஸ்ஸ்ஸ்...'. இந்த முறை சத்தம் காலடியில்!

அந்த ஒரு விநாடியில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி, திருப்போரூர் என்று சென்னையைச் சுற்றி ஏரிக்கரையும் வயலும் இருந்த இடமெல்லாம் இப்போது நகர்களாகி விட்டன. வடகிழக்குப் பருவமழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்தால் பாம்புகள் மேடான இடம் தேடிக் கிளம்பும். மேடு என்றால் எது? நம்ம வாசற்படி, செருப்பு ஸ்டாண்டு, மோட்டார் ரூம்!

பார்த்ததும் பதறுகிறோம். 'அய்யோ, சீறிக்கிட்டு கடிக்க வருது' என்று கம்பைத் தேடுகிறோம். ஆனால், பாம்பின் சீறலுக்கு நாம் நினைக்கிற அர்த்தமே கிடையாது. அது கோபம் அல்ல, பயம். 'கிட்ட வராதே, என்னை மிதிச்சுடாதே' என்று அதற்குத் தெரிந்த ஒரே பாஷையில் சொல்கிறது. அந்த பாஷை நமக்குப் புரிந்தால் பல உயிர்கள் பிழைக்கும். நம்ம உயிரும், அதன் உயிரும்.

ஆண்டுக்கு 58 ஆயிரம் உயிர்கள்

இது ஏதோ சுவாரசியமான தகவல் மட்டும் இல்லை. 2000-ம் ஆண்டு முதல் 2019 வரை 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58 ஆயிரம் பேர்! இவர்களில் பெரும்பாலானோர் கிராமத்து ஜனங்கள். மழைக்காலத்தில்தான் சாவு அதிகம்.

உலக சுகாதார நிறுவனம் 2017-ல் பாம்புக் கடியை, உலகம் கவனிக்கத் தவறிய வெப்ப மண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில், பாம்புக் கடியை கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அதாவது அரசு ஆஸ்பத்திரியோ, தனியார் ஆஸ்பத்திரியோ, பாம்பு கடித்து யார் வந்தாலும் அந்தக் கணக்கு அரசுக்குப் போயாக வேண்டும்.

'புஸ்' சத்தம் எப்படி வருது?

நமக்குத் தொண்டையில் குரல் நாண் இருக்கிறது. பெரும்பாலான பாம்புகளுக்கு அது கிடையாது. அதனால் பாம்பு கத்தாது, கூவாது, அழாது. அதனிடம் இருப்பது காற்று மட்டும்தான்.

பாம்பின் வாயைத் திறந்து பார்த்தால் (நீங்க பார்க்க வேண்டாம்!) அடியில் சின்னக் குழாய் முனை மாதிரி ஒரு துளை தெரியும். அதுதான் மூச்சுக்குழலின் வாசல். உடம்பின் நீளத்துக்கு பை போல நீண்டு கிடக்கும் நுரையீரலில் காற்றை நிரப்பி, விலா எலும்புகளை அழுத்தி, அந்தக் குறுகிய வாசல் வழியாக வேகமாகத் தள்ளுகிறது. சைக்கிள் டியூப் வால்வைத் திறந்து விட்டால் 'உஸ்' என்று வருமே, அதே கதைதான்.

சீறுவதற்கு முன் பாம்பு உப்பிப் போகும். பார்ப்பவருக்கு அது இரண்டு மடங்கு பருமனாகத் தெரியும். நல்ல பாம்பு கூடவே படத்தையும் விரிக்கும். எல்லாமே 'நான் பெரிய ஆளு, தள்ளிப் போ' என்று காட்டத்தான். நாய் உர்ர்... என்கிற மாதிரி, பூனை முடியைச் சிலிர்த்துக் கொள்கிற மாதிரி.

சரி, விஷம் இருக்கிற பாம்பு ஏன் பேசாமல் கடித்து விடக் கூடாது? விஷம் என்பது எலியைப் பிடித்துத் தின்ன அதற்கு இயற்கை கொடுத்த ஆயுதம். நம்மை அது விழுங்க முடியாது. கடித்தால் விஷம் வீண். போதாக்குறைக்கு நம்ம காலோ, கம்போ பட்டால் முதுகெலும்பு போய்விடும். அதனால் முதலில் ஒதுங்கப் பார்க்கும். முடியாவிட்டால் சீறும். நல்ல பாம்பு சில சமயம் வாயை மூடிக்கொண்டே பொய்யாக ஒரு கொத்து கொத்திப் பயமுறுத்தும். அதற்கும் ஆள் நகராவிட்டால்தான் கடி.

நாலு பாம்பு, நாலு விதம்

நம் நாட்டில் அதிக உயிர்களைப் பறிப்பவை நான்கு: நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டு விரியன். இந்த நாலுக்கும் சத்தம் நாலு விதம்!

கண்ணாடி விரியன்: சீறலில் சூப்பர் ஸ்டார் இதுதான். மூச்சை இழுக்கும்போதும் சத்தம், விடும்போதும் சத்தம். குக்கர் ஆவி அடிக்கிற மாதிரி விடாமல் கேட்கும். உடம்பு உப்பி உப்பி அடங்கும். தடித்துக் கிடப்பதால் 'மலைப்பாம்புக் குட்டி'ன்னு நினைத்து கையில் தூக்கிக் கடி வாங்கியவர்கள் உண்டு. முதுகில் சங்கிலி கோத்த மாதிரி வரிசையாக வட்டங்கள் இருந்தால் அது விரியன்.

நல்ல பாம்பு: தலையைத் தூக்கி, படம் விரித்து, குத்துக் குத்தாக 'புஸ்... புஸ்...' என்று சீறும்.

சுருட்டை விரியன்: இது வாயால் மட்டும் பேசுவதில்லை. ரம்பப் பல் மாதிரி சொரசொரப்பான செதில்களை ஒன்றோடு ஒன்று உரசும். எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிகிற மாதிரி சரசரப்பு கேட்கும். ஆள் சின்னது, ஆனால் பாய்ச்சல் மின்னல்!

கட்டு விரியன்: இதுதான் விஷயமே. இது பெரும்பாலும் சீறாது. எச்சரிக்காது. அதைப் பற்றி தனியாகப் பார்ப்போம்.

இதற்கு நடுவில் பாவம் சாரைப்பாம்பு! விஷமே கிடையாது. மாட்டிக்கொண்டால் கழுத்தை உப்பி உறுமுகிற மாதிரி சத்தம் விடும். அந்த நடிப்பை நம்பி அடித்துக் கொன்று விடுகிறோம். அது இருந்தால் வயலில் எலி இருக்காது.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் ராஜநாகம் இன்னும் ஒரு படி மேலே. அதன் மூச்சுக்குழலில் சிறு சிறு பைகள் இருப்பதால் சத்தம் கனத்து, நாய் உறுமுவது போலவே கேட்கும்.

தன் சீறல் தனக்கே கேட்காது!

'அவனுக்குப் பாம்புக் காது' என்கிறோம். 'பாம்புக்கு காதே இல்லை' என்றும் சொல்கிறோம். எது சரி? இரண்டும் பாதிதான் சரி.

நம் முன்னோர் பாம்புக்கு 'கட்செவி' என்று பேர் வைத்தார்கள். கண்ணே செவியாகக் கொண்டது என்று அர்த்தம். வாட்ஸ்அப்புக்கு 'கட்செவி அஞ்சல்' என்று சில பத்திரிகைகள் எழுதுவது இந்தச் சொல்லை வைத்துத்தான். தலையில் காது துளை எதுவும் தெரியவில்லை, ஆனாலும் ஆள் வருவதைக் கண்டுபிடித்து விடுகிறதே என்று பார்த்தவர்கள் வைத்த பேர் அது.

உண்மை என்னவென்றால், பாம்புக்கு வெளிக்காதும் செவிப்பறையும் இல்லை. ஆனால் உள்காது இருக்கிறது. அதிலிருந்து ஒரு சிறு எலும்பு தாடை எலும்போடு சேர்ந்திருக்கிறது. தாடை தரையில் படிந்திருக்கும்போது நீங்கள் நடந்தால், அந்த அதிர்வு மண் வழியாகத் தாடைக்கும், தாடையிலிருந்து உள்காதுக்கும் போகிறது. உங்க காலடிதான் அதற்கு காலிங் பெல்!

காற்றில் வரும் சத்தம்? அதுவும் கொஞ்சம் கேட்கும். 2012-ல் மலைப்பாம்புகளை வைத்துச் செய்த ஆய்வில், காற்றில் வரும் ஒலி பாம்பின் மண்டை ஓட்டையே லேசாக அதிர வைக்கிறது, அதை அது உணர்கிறது என்று தெரிந்தது. 2023-ல் ஆஸ்திரேலியாவில் 19 பாம்புகளை வெளிச்சத்தம் நுழையாத அறையில் விட்டு ஒலி எழுப்பிப் பார்த்தார்கள். ஒருவகை மலைப்பாம்பு சத்தம் வந்த பக்கம் போனது. தைப்பான் போன்ற கொடிய விஷப் பாம்புகள் சத்தத்தை விட்டு விலகிப் போயின.

ஆனால் எல்லாச் சத்தமும் கேட்காது. மனிதக் காது 20 முதல் 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பாம்புக்கு ஏறக்குறைய 600 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலிதான் எட்டும். பாம்பின் சீறலோ பெரும்பாலும் 3 ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே! அதாவது தன் சீறலையே பாம்பு சரியாகக் கேட்க முடியாது. அப்படியென்றால் அது யாருக்காகச் சீறுகிறது? இன்னொரு பாம்புக்காக அல்ல. நமக்காக, நாய்க்காக, கீரிக்காக, மிதிக்க வரும் மாட்டுக்காக!

நாக்கை நீட்டுவது ஏன்?

'நாக்கை நீட்டி மிரட்டுது' என்பார்கள். அது மிரட்டல் அல்ல, மோப்பம். பிளந்த நாக்கின் இரு முனைகளும் காற்றிலும் தரையிலும் உள்ள வாசனைத் துகள்களை எடுத்து வருகின்றன. வாயின் மேல் அண்ணத்தில் இருக்கும் 'ஜேக்கப்சன் உறுப்பு' அவற்றைச் சோதித்துப் பார்க்கிறது. இடது முனையில் வாசனை அதிகமா, வலது முனையிலா என்பதை வைத்து இரை எந்தப் பக்கம் போனது என்று கண்டுபிடிக்கும்.

பாம்பு பழி வாங்கும், ஜோடியைக் கொன்றால் தேடி வரும் என்கிற கதைகளுக்கும் பின்னால் இந்த மோப்பம் இருக்கலாம். இனப்பெருக்க காலத்தில் ஆண் பாம்பு, பெண் பாம்பின் வாசனைத் தடத்தைப் பிடித்துக்கொண்டே வரும். பெண் பாம்பை அடித்த இடத்துக்கு இன்னொன்று வந்தால் அது வாசனைக்கு வந்தது. உங்க முகத்தை போட்டோ பிடித்து வைத்துக்கொள்கிற மூளை அதற்கு இல்லை.

மகுடியும் அப்படித்தான். பாம்பு பாட்டுக்கு ஆடவில்லை. ஆட்டுகிற மகுடியையும் கையையும் எதிரியாக நினைத்து, கண்ணை எடுக்காமல் அது போகிற பக்கமெல்லாம் திரும்புகிறது. பாம்புக்குக் கண் இமை கிடையாது. ஒரு கண்ணாடிச் செதில்தான் கண்ணை மூடியிருக்கிறது. சட்டை உரிக்கும் முன் அந்தச் செதில் பால் போல மங்கிவிடும். அந்த நாட்களில் பார்வை சரியாகத் தெரியாததால் பாம்பு சட்டென்று மிரளும். அப்போது சீண்டினால் ஆபத்து அதிகம்.

மூங்கில் குழிவிரியன் போன்றவற்றுக்கும், மலைப்பாம்புக்கும் இன்னொரு வசதி உண்டு. முகத்தில் உள்ள சிறு குழிகளால் எலியின் உடம்புச் சூட்டை இருட்டிலும் 'பார்த்து' விடும். நம் வீட்டுப் பக்கம் வரும் நால்வருக்கும் அந்தக் குழிகள் கிடையாது.

சீறல் கேட்டால் என்ன செய்யணும்?

ஒரே வார்த்தை... நில்லுங்க! சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஓடினால் பாம்பு மேலேயே கால் வைக்க நேரும். அசையாமல் நின்று, கண்ணால் தேடி, அது இருக்கும் இடம் தெரிந்த பிறகு எதிர்ப்பக்கமாக மெதுவாகப் பின்வாங்குங்க. பாம்புக்குப் போக வழி விடுங்க. மூலையில் மடக்கினால் சீறல் கடியாக மாறும்.

கம்பால் அடிப்பது, வாலைப் பிடிப்பது, செல்போனில் செல்ஃபி எடுப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். வெட்டிய பாம்பின் தலைகூடக் கொஞ்ச நேரத்துக்குக் கடிக்கும். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி பாம்பைக் கொல்வது குற்றமும்கூட. வீட்டுக்குள் புகுந்திருந்தால் தூரத்தில் நின்று ஒருவர் அதைக் கண்காணிக்க, இன்னொருவர் தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112-ல் போன் செய்தால் வந்து பிடித்துப் போவார்கள்.

இருட்டில் நடக்கும்போது டார்ச் கட்டாயம். வயல் வரப்பில் போகிற பெரியவர்கள் தடியைத் தரையில் தட்டிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். அது சும்மா பழக்கம் இல்லை. மண் வழியாகப் பாம்புக்குத் தகவல் அனுப்புகிற தந்தி அது! கையைத் தட்டுவதைவிடக் காலைத் தட்டி நடப்பது நல்லது. பூண்டு, வெங்காயம், ஃபினாயில் போன்றவை பாம்பை விரட்டும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் கிடையாது. குப்பையையும் சிந்திய அரிசியையும் பெருக்குங்க. எலி வராது, எலி வராவிட்டால் பாம்பும் வராது.

சத்தம் போடாத எமன்

இப்போது கட்டு விரியனுக்கு வருவோம். கருநீல உடம்பில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். பகலில் சுருண்டு கிடக்கும். ராத்திரியில் எலி, பல்லி, சின்னப் பாம்பு என்று தேடி வீட்டுக்குள் வரும். தரையில் படுத்திருப்பவர் தூக்கத்தில் புரண்டு அதன் மேல் கையோ காலோ போட்டால் கடித்து விடும். சீறல் இல்லை. பெரிய வலி இல்லை. வீக்கம் இல்லை. பல் பட்ட தடம்கூடச் சில பேருக்குத் தெரியாது. கொசுவோ எறும்போ என்று நினைத்துத் திரும்பிப் படுத்து விடுவார்கள்.

விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி, தொண்டை அடைப்பு. கண் இமையைத் தூக்க முடியாமல் சொருகும். 'ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கலை' என்று சோடா குடித்து நேரத்தை வீணாக்குவார்கள். மூச்சு விடும் தசைகள் செயலிழந்து விட்டால் உயிர் போய்விடும். தரையில் படுத்தவர் காலையில் கண் சொருகிக் கிடந்தால், கடித்த தடம் இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்.

இதிலிருந்து தப்ப வழி ரொம்பச் சின்னது. கட்டிலில் படுங்க. கட்டில் இல்லையா, கொசு வலையைக் கட்டி நாலு பக்கமும் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகுங்க. கொசுவுக்கும் ஆச்சு, கட்டு விரியனுக்கும் ஆச்சு!

கடித்துவிட்டால்?

கயிறு போட்டு இறுக்காதீங்க. கத்தியால் கீறாதீங்க. வாயால் உறிஞ்சாதீங்க. மந்திரிக்கப் போகாதீங்க. 'வேர் கட்டினேன், பிழைச்சேன்' என்பவர்களைக் கடித்தது பெரும்பாலும் விஷமில்லாத பாம்பாக இருக்கும், அல்லது விஷம் ஏறாத கடியாக இருக்கும்.

கடிபட்டவரை நடக்க விடாமல் உட்கார வையுங்க. மோதிரம், வளையல், மெட்டி, கொலுசைக் கழற்றுங்க. வீங்கினால் அவை சதையை அறுக்கும். எலும்பு முறிந்தால் கட்டுகிற மாதிரி ஒரு பலகை வைத்து அந்தக் கை, காலை அசையாமல் வையுங்க. கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-க்கு போன் பண்ணுங்க. பாம்பைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டியதே இல்லை. ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பது, கண் இமை சொருகுகிறதா என்று பார்ப்பது போன்ற சோதனைகளிலேயே டாக்டர்களுக்கு நிலைமை தெரிந்து விடும். நாலு பாம்புக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான் போடுகிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம்.

நம்ம ஊர் இருளர்கள்

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது தெரியுமா? பாம்பிடமிருந்து எடுத்த விஷத்தைச் சிறு அளவில் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புச் சக்தியிலிருந்து தயாரிக்கிறார்கள். அந்த விஷம் எடுக்கும் வேலையில் நாட்டிலேயே முக்கியமான இடம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்கு முன்னால் இருக்கும் வடநெம்மேலி. ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்த இருளர் மக்கள், அதற்குத் தடை வந்து பிழைப்பு போனதும், 1978-ல் அங்கே கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துவிட்டு, மறுபடியும் காட்டிலேயே விட்டு விடுவதுதான் அவர்கள் வழக்கம்.

அந்த சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2017-ல் இவர்களை அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே கூப்பிட்டார்கள், அங்கே பெருகிப்போன பர்மா மலைப்பாம்புகளைப் பிடிக்க! மண்ணில் கிடக்கும் தடத்தையும் எச்சத்தையும் பார்த்தே பாம்பு எங்கே என்று சொல்லி, இருபதுக்கும் மேற்பட்டவற்றைப் பிடித்துக் கொடுத்தார்கள்.

பாம்போடு தலைமுறை தலைமுறையாகப் பழகியவர்கள் அதைப் பகையாளியாக நினைக்கவில்லை. அது எப்போது ஒதுங்கும், எப்போது சீறும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு தெரிய வேண்டாம். இருட்டில் 'உஸ்' கேட்டால் அப்படியே நிற்கத் தெரிந்தால் போதும். இன்னிக்கு ராத்திரி வெளியே போறீங்களா? செருப்பை உதறிப் போட்டுக்குங்க, டார்ச்சை மறக்காதீங்க!